கிளைமொழி என்று முத்திரை குத்தியவர் யார்?

ஒரு மொழியைப் பேசுவோர் எத்தனை பேர் என்று கேட்டால், அது கணக்கு. இத்தனை பேர்தானா என்று உதட்டைப் பிதுக்கினால், அது ஆணவம்!

இந்திய நாட்டின் வடகிழக்கு மூலையில், மிசோரம் மாநிலத்தின் தெற்குக் கோடியில், பர்மா எல்லையை ஒட்டிய மலைகளில் வாழ்பவர் மாரா மக்கள். அவர்கள் பேசும் மொழிக்கும் மாரா என்றே பெயர். குக்கி-சின் என்று மொழிநூலார் குறிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது அம்மொழி. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் அதைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 42 ஆயிரம் பேர். எல்லைக்கு அப்பால், இன்று மியான்மர் எனப்படும் பர்மாவின் சின் மாநிலத்திலும் அவர்களுடைய உற்றார் உறவினர் உண்டு.

"42 ஆயிரமா? எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவுக்குக் கூடும் கூட்டம் அதைவிடப் பெரிதாயிற்றே! இந்தச் சிறு கூட்டத்தின் பேச்சுக்கு மொழி என்ற பட்டம் எதற்கு? ஏதோ ஒரு மலைவாசிக் கிளைமொழி என்று எழுதிவிட்டுப் போனால் போதாதா?" என்று கேட்போர் உளர்.

போதாது என்பதே நம் மறுமொழி. ஏன் போதாது என்பதைச் சான்று காட்டிச் சொல்லவே முன்வந்துள்ளோம்.

பெயரைப் பறித்த கதை

ஒருவனை அடிமைப்படுத்த எண்ணுகிறவன் முதலில் அவன் பெயரை மாற்றுகிறான். அவன் தன்னை என்னவென்று அழைத்துக்கொள்கிறான் என்று கேட்பதில்லை. தன் நாவுக்கு வந்ததைச் சொல்லி அழைக்கிறான். மாரா மக்களின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

அவர்கள் தங்களை மாரா என்று சொல்லிக்கொண்டார்கள். வடக்கே இருந்த லுசாய் மக்கள் அவர்களை 'லாகேர்' என்றார்கள். தெற்கே அரக்கான் பக்கத்தார் 'ஷெந்து' என்றார்கள். வெள்ளையர் ஆட்சி வந்தது. அண்டை வீட்டார் இட்ட பெயர்தான் அரசு ஏட்டில் ஏறியது. 1932-இல் பாரி என்ற ஆங்கில அதிகாரி இம்மக்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி வெளியிட்டார். அதன் தலைப்பு 'லாகேர்கள்'. அவர்களிடையே வாழ்ந்து அவர்கள் மொழிக்கு எழுத்து அமைத்த லோரேன் பாதிரியாரின் இலக்கணமும் அகராதியும் 1951-இல் அச்சேறின. அதன் தலைப்பிலே 'லாகேர் அல்லது மாரா மொழி' என்றிருந்தது. பார்த்தீர்களா? பிறர் இட்ட பெயர் முன்னே. பெற்ற பெயர் 'அல்லது' என்ற சொல்லுக்குப் பின்னே!

ஊர்ப்பெயரும் தப்பவில்லை. மாரா நாவில் சியாஹா என்ற ஊர், நெடுங்காலம் ஏட்டிலே சைஹா. சைகாவ் என்ற ஊர், செர்கோர். அவர்கள் மலைகளின் ஊடே பாயும் ஆறு அவர்களுக்குப் பெய்னோ, மிசோ மக்களுக்குச் சிம்துய்புய், ஆங்கிலப் படங்களில் கோலோடைன், பர்மியருக்குக் கலாதன். ஓர் ஆற்றுக்குப் பல பெயர் இருப்பது குற்றமன்று. கரையிலே குடியிருப்பவன் வைத்த பெயர் மட்டும் ஏட்டில் ஏறாதது குற்றம்.

குடும்பப் பெயர் மட்டும் அவர்களைக் கேட்டு வைத்ததா? அதுவும் இல்லை. 'குக்கி' என்பது வங்காளத்தாரும் அசாமியரும் வழங்கிய சொல். 'சின்' என்பது பர்மியர் வழங்கிய சொல். கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழி ஆய்வின் மூன்றாம் தொகுதியில், 1904-இல், இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தார்கள். இப்பெயர்களை அந்த மலைமக்கள் தமக்கென வழங்குவதில்லை என்பதை அந்நூலே ஒப்புக்கொள்கிறது. இருந்தும் வேறு பொதுப்பெயர் கிடைக்காமையால் மொழிநூலார் இன்றும் அதையே வழங்குகிறார்கள்; நாமும் அதனாலேயே வழங்குகிறோம்.

1972-இல் அரசியல் சட்டத்தின் ஆறாம் அட்டவணைப்படி இம்மக்களுக்குத் தன்னாட்சி மாவட்டக் குழு கிடைத்தது. அப்போதும் அதன் பெயர் லாகேர் மாவட்டக் குழுதான்! 1988-இல் சட்டத்தைத் திருத்தி மாரா என்று மாற்றினார்கள். நல்லது. நாட்டின் தலையாய சட்டம் மாரா என்று ஒப்புக்கொண்ட பிறகாவது கணக்கெடுப்போர் திருந்தினார்களா? 23 ஆண்டு கழித்து வந்த 2011-ஆம் ஆண்டுக் கணக்கிலும் மொழியின் பெயர் 'லாகேர்' என்றே பதிவாயிற்று. சட்டத்தில் ஒரு பெயர், கணக்கில் ஒரு பெயர்! இது மறதியா, அலட்சியமா? எதுவானாலும் மன்னிக்கத்தக்கதன்று.

அளவுகோல் எது?

'மாரா ஒரு கிளைமொழி' என்கிறவர்களை நாம் கேட்கிறோம்: ஐயா, எந்த அளவுகோலால் அளந்தீர்?

ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்தால் கிளைமொழி, புரியாவிட்டால் தனிமொழி என்பீரா? நல்லது, அதையே எடுத்துக்கொள்வோம். மணிப்பூரிலும் அதைச் சுற்றியும் வழங்கும் தாடோ, பைத்தே, ஸோ, வைஃபேய், காங்தே, சிம்தே ஆகியவை ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பெருமளவு விளங்கும். அவை அத்தனையும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் தனித்தனி மொழிகள். அம்மக்கள் தனித்தனிப் பெயரை விரும்புகிறார்கள், அது அவர்கள் உரிமை, நாம் மறுக்கவில்லை. மாரா பேச்சோ, அய்சால் நகரத்து மிசோக்காரருக்குக் கற்றுக்கொண்டாலன்றி விளங்காது. அதைப் போய் மிசோவின் கிளை என்கிறார்கள் சிலர். உங்கள் அளவுகோல் ஒரு மலையில் ஒரு நீளமும் அடுத்த மலையில் வேறு நீளமுமாக இருப்பானேன்?

எழுத்து இருந்தால்தான் மொழி என்பீரா? மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தில் நெடுங்கணக்கு வகுத்தவர் ஜேம்ஸ் ஹெர்பர்ட் லோரேன் என்பவரும் சாவிட்ஜ் என்பவரும், ஆண்டு 1894. மாரா மலைக்கு 1907-இல் வந்து அம்மொழியை ஏட்டில் ஏற்றியவர் ரெஜினால்ட் ஆர்தர் லோரேன். முன்னவரின் உடன்பிறந்த தம்பி! அண்ணன் எழுத்துத் தந்தது மொழி, தம்பி எழுத்துத் தந்தது கிளைமொழியா? 13 ஆண்டு இடைவெளியிலா மொழியின் தகுதி மறைந்து கிடக்கிறது?

இலக்கணம் வேண்டும் என்பீரா? இந்தக் குடும்பத்து மொழிகள் பலவற்றில் ஒரே வினைச்சொல்லுக்கு இரண்டு அடிகள் உண்டு. மிசோ மொழியில் காண்பதைக் குறிக்கும் வினை, முற்றாக நிற்கும் வாக்கியத்தில் ஒரு வடிவிலும், மற்றொன்றைச் சார்ந்து நிற்கும் வாக்கியத்தில் பெரும்பாலும் வேறு வடிவிலும் வரும். எங்கே எது வரவேண்டும் என்பதைப் பள்ளிக்கூடத்தையே பார்த்திராத கிழவியும் பிழையின்றி அறிவாள். குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் இம்மொழிகளில் சொல்லின் பொருளே மாறும். மாராவுக்கென்று ஒரு தனி இயல்பும் உண்டு. உறவுமொழிகள் பலவும் சொல்லின் இறுதியில் மெய்யொலியை வைத்திருக்க, மாரா அவற்றை உதிர்த்துவிட்டு ஒவ்வோர் அசையையும் உயிரொலியில் முடிக்கிறது. அது சோம்பேறி நாவின் சிதைவு அன்று. ஒழுங்கான விதிப்படி நடந்த ஒலிமாற்றம். உலகின் பெருமொழிகள் எல்லாம் இத்தகைய மாற்றங்களின் வழியாகவே வந்தன. பெரியவன் மாற்றினால் வளர்ச்சி, சிறியவன் மாற்றினால் சிதைவா?

ஆகவே விளக்கம் அளவுகோலாகவில்லை, எழுத்து அளவுகோலாகவில்லை, இலக்கணமும் அளவுகோலாகவில்லை. எஞ்சுவது என்ன? தலைக்கணக்கு! எண்ணிக்கையை எடுத்து ஏற்றத்தாழ்வாக மாற்றும் சூழ்ச்சிக்கே கிளைமொழி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

பத்தாயிரம் என்னும் வேலி

அந்தத் தலைக்கணக்கு நடக்கும் முறையையும் பார்ப்போம். 2011-இல் மக்கள் தம் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றை ஆய்ந்து ஒழுங்குபடுத்தி 1,369 தாய்மொழிகள் என்றார்கள். எழுத்துப் பிழை இருக்கும், குலப்பெயரையும் ஊர்ப்பெயரையும் மொழிப்பெயராகச் சொன்னோரும் இருப்பர். ஆகவே ஒழுங்குபடுத்தல் தேவைதான். அதன்பின் 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகளை மட்டும் எடுத்து, 121 மொழிகள் என்று பட்டியல் வெளியிட்டார்கள். இந்தப் பத்தாயிரம் வேலி 1971-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து நிற்கிறது.

42 ஆயிரம் பேரைக் கொண்ட மாரா, பிறர் இட்ட பெயரோடாவது வேலிக்குள்ளே நிற்கிறது. அதன் உறவுமொழிகளான அய்மோல், தராவ், கொய்ரெங் போன்றவற்றைப் பேசுவோர் பத்தாயிரத்துக்கும் குறைவு. வேலிக்கு வெளியே அவை 'ஏனையவை' என்ற ஒரே மூட்டையில் கட்டி வைக்கப்படுகின்றன. 9,999 பேர் பேசினால் ஏனையவை. இன்னுமொரு குழந்தை பிறந்துவிட்டால் மொழி! இதற்கு எந்த அறிவு நூலில் ஆதாரம் இருக்கிறது?

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேளாதீர்கள். பாடநூல் அச்சிடவும், ஆசிரியரை அமர்த்தவும், வானொலியில் நேரம் ஒதுக்கவும் அதிகாரி முதலில் புரட்டுவது பட்டியலைத்தான். அங்கே இல்லாத மொழிக்கு எங்கும் இடமில்லை.

பேச்சிலும் வருணமா?

பெரிய மொழியைக் கண்டித்துவிட்டுச் சிறிய மொழியின் தவற்றை மூடி மறைப்பது நம் வழக்கமன்று. உள்ளதை உள்ளபடி சொல்வோம்.

மிசோ மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2011-இல் 8,30,846 பேர். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் அதற்கு இடமில்லை; மிசோ மக்களுக்கு அதனால் குறையுண்டு; அக்குறை நியாயமானது. ஆனால் தில்லியை நோக்கி நியாயம் கேட்கும் அந்த மொழியே, தன் தெற்கு எல்லையில் வாழும் மாராவுக்கும் லாய் மொழிக்கும் பெரிய மொழியாக நிற்கிறது. மேலே இருப்பவன் மிதிக்கிறான் என்று முறையிடுகிறவன் தன் காலுக்குக் கீழே யார் என்று குனிந்து பார்க்க வேண்டாமா?

மாராவுக்குள்ளேயும் இந்த ஏணி உண்டு. திலோசாய், ஹௌதாய், ஸுஹ்னோ, சபேயு, சாபி, ஹெய்மா, லியாலாய் என்று பல வழக்குகள் அதில் உண்டு. இவற்றுள் திலோசாய் வழக்கே ஏட்டுமொழியாயிற்று. பாடநூலும் பைபிளும் அதிலேதான். காரணம் என்ன? அந்த வழக்கு வானத்திலிருந்து இறங்கியதா? மற்றவற்றைவிடத் தூய்மையானதா? இரண்டும் இல்லை. 1907-இல் வந்த பாதிரியார், திலோசாய் வழங்கிய செர்கோரில் கூடாரம் அடித்தார்; அவ்வளவே! அவர் வேறொரு மலையில் தங்கியிருந்தால் இன்று வேறொரு வழக்கு 'திருந்திய மொழி' ஆகியிருக்கும். திலோசாய் 'கொச்சை' ஆகியிருக்கும்.

எழுத்துக்குப் பொது வழக்கு ஒன்று வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஊருக்கொரு பாடநூல் அச்சிட முடியாது. ஆனால் வசதிக்காக ஏற்படுத்திக்கொண்ட பொது வழக்கை உயர்ந்த சாதியாக்கி, ஸுஹ்னோ வீட்டுக் குழந்தையின் பேச்சை இழிந்த சாதியாக்குவது எந்த நியாயம்? பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்குவோம். பிறந்த வீட்டுப் பேச்சால் மட்டும் உயர்வு தாழ்வு உண்டென்று இருப்போமா? பேச்சிலும் வருணம் பார்ப்பவன் வேறெங்கு வருணத்தை ஒழித்துவிடப் போகிறான்?

எழுத்து யாருடைய சொத்து?

மாராவுக்கு எழுத்து வந்தது மதத்தைப் பரப்ப வந்தவர் வழியாக. அதை மறைக்கத் தேவையில்லை. ஆண்டவன் அருளிய எழுத்து என்று அதைக் கும்பிடவும் தேவையில்லை. மனிதன் வகுத்தான், காது கொடுத்துக் கேட்டு, தவறித் திருத்தி, ஆண்டுக்கணக்கில் உழைத்து வகுத்தான். பெயர் ஏட்டில் ஏறாத எத்தனையோ மாரா மக்கள் அவனுக்குச் சொல் சொல்லித் தந்திருப்பார்கள். அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. வழிபாட்டுக்காக ஏட்டில் ஏறிய மொழியை இனி விஞ்ஞானத்துக்கும் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் எடுத்துச் செல்வது அம்மொழி இளைஞர்களின் வேலை.

ஆனால் வேறொரு குரல் கேட்கிறது. 2022 ஏப்ரலில், நாடாளுமன்ற ஆட்சிமொழிக் குழுவின் கூட்டத்தில் ஒன்றிய உள்துறை அமைச்சர் சில செய்திகளைப் பெருமையோடு வெளியிட்டார். வடகிழக்கின் எட்டு மாநிலங்களில் 22 ஆயிரம் இந்தி ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்களாம். ஒன்பது பழங்குடிச் சமூகங்கள் தம் 'கிளைமொழி'களின் எழுத்தைத் தேவநாகரிக்கு மாற்றிக்கொண்டனவாம். பத்தாம் வகுப்புவரை இந்தியைக் கட்டாயமாக்க எட்டு மாநிலங்களும் இசைந்தனவாம். இதை எதிர்த்து அந்த மலைகளிலிருந்தே குரல்கள் எழுந்தன.

அந்த அறிவிப்பில் வந்த சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! மொழிகளின் எழுத்து என்றில்லை, கிளைமொழிகளின் எழுத்து! கிளை என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி தானே வரும்: எந்த மரத்தின் கிளை? மரத்தைக் காட்டத் தில்லியில் ஆள் இருக்கிறது. திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழிகளுக்கு கங்கைக் கரையில் வேர் தேடும் வேலை அப்படித்தான் தொடங்குகிறது. ஒரு சொல் விளைக்கும் கேடு இது.

முதல் வகுப்பின் வாசல்

இவ்வளவும் சொல்லாராய்ச்சிக்காகச் சொல்லப்படுவதன்று. கரும்பலகையின் முன் நிற்பவர்கள் நாம். வீட்டிலே கேளாத மொழியில் முதல் பாடத்தைக் கேட்கும் குழந்தை என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். விழிக்கும். வாய் மூடி இருக்கும். அந்த மௌனத்தை மந்தபுத்தி என்று மதிப்பெண் ஏட்டில் எழுதிவிடுகிறார்கள். அறிவில்லாத குழந்தை என்று ஒன்றுமில்லை; அறிவைத் திறக்கும் சாவியை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டு உள்ளே அனுப்பினால் அது என்ன செய்யும்?

குழந்தைக்கு முதற்கல்வி தாய்மொழியிலே தருவதே சிறந்தது என்று 1953-இலேயே யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை கூறிற்று. 1956-இல் நம் அரசியல் சட்டத்தில் 350-அ என்ற விதி சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. ஆறாம் அட்டவணையின் ஆறாம் பத்தி, தொடக்கப் பள்ளிகளில் எம்மொழியில் கற்பிப்பது என்பதை வகுக்கும் அதிகாரத்தை, ஆளுநரின் ஒப்புதலோடு, மாவட்டக் குழுவிடமே தந்திருக்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் நூல் அச்சிடாது. சட்டம் ஆசிரியரைப் பயிற்றாது. பணமும் பட்டியலும் வைத்திருப்பவர்கள் கிளைமொழிதானே என்று கையை விரிக்கும்வரை அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காயே.

எல்லைக்கு அப்பால் நிலைமை இன்னும் கொடிது. வெள்ளையர் வகுத்த ஆட்சிப் பிரிவுகள் மாரா மக்களைத் துண்டாடின. 1937-இல் பர்மா தனி நாடாகப் பிரிக்கப்பட்டபோது அந்தக் கோடு கெட்டிப்பட்டது. 1962-க்குப் பின் வந்த இராணுவ ஆட்சியில், அங்கே அரசுப் பள்ளிகளில் சிறுபான்மை மொழிகளுக்கு இருந்த இடமும் சுருங்கியது. 2021 பிப்ரவரியில் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சின் மாநிலத்திலிருந்து பல்லாயிரவர் உயிர் தப்பி மிசோரத்துக்குள் வந்தார்கள். சியாஹா மாவட்டத்துக்கும் வந்தார்கள். உடைமை இழந்து ஓடிவந்தவன் கையோடு கொண்டுவந்த ஒரே சொத்து அவன் நாவில் இருந்தது. அதைக் கேட்டுத்தான் இக்கரையில் இருப்பவன் உறவைக் கண்டுகொண்டான். இதற்குமேலுமா கேட்கிறீர்கள், சிறிய மொழியால் என்ன பயன் என்று?

"வயிற்றுக்கு உதவுமா?"

கெட்டிக்காரர் கேட்கும் கடைசிக் கேள்வி இது. ஆங்கிலம் படித்தால் வேலை, மிசோ படித்தால் மாநிலத்தில் மதிப்பு. மாரா படித்தால் என்ன கிடைக்கும்?

ஆங்கிலம் படிக்கட்டும், மிசோவும் படிக்கட்டும், யார் தடுத்தது? அம்மலைகளில் மூன்று மொழி பேசுவது புதுமையன்று. நாம் கேட்பது, கற்கும் மொழிகளின் வரிசையில் தாய்மொழிக்கு முதலிடம். தாய்மொழியில் எண்ணக் கற்றவன் வேறு மொழியிலும் எண்ணுவான். தன் பேச்சே இழிந்தது என்று கற்பிக்கப்பட்டவன் எந்த மொழியிலும் தலை நிமிர்ந்து பேசமாட்டான். தலை நிமிராதவனுக்குக் கிடைக்கும் வேலை எத்தகையது என்பதும் நமக்குத் தெரியும்.

"இத்தனை மொழி இருந்தால் ஒற்றுமை கெடும்" என்பார்கள். மாவட்டத்துக்குத் தன் பெயர் கிடைத்து ஆண்டுகள் பல சென்றன, மலை பிளந்துவிட்டதா? ஒற்றுமையைக் கெடுப்பது பன்மையன்று. ஒருவன் பேச்சைக் கேட்டு மற்றவன் சிரிக்கும் சிரிப்பு.

நாம் கேட்பன

2021-இல் எடுத்திருக்க வேண்டிய குடிக்கணக்கு தள்ளிப்போய், 2027-க்கென்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. இந்த வாய்ப்பை முன்வைத்து நாம் கேட்பன நான்கு.

மாரா மொழியை மாரா என்றே எழுதுக. அந்த மக்கள் சொல்லும் பெயரே பெயர்.

பத்தாயிரம் வேலியைப் பிடுங்கி எறிக. ஆயிரம் பேர் பேசும் மொழிக்கும் பட்டியலில் ஒரு வரி கொடுக்கத் தாள் பஞ்சம் இல்லை.

தொடக்கப் பள்ளியில் தாய்மொழி என்ற சட்டத்துக்கு நூலும் ஆசிரியரும் பணமும் தருக. திலோசாய் பாடநூலைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர், சாபிக் குழந்தை தன் வழக்கில் விடை சொன்னால் அதை விடை என்றே ஏற்றுக்கொள்க.

வழக்குகள் அனைத்தையும், முதியவர் வாய்மொழியை, இப்போதே ஒலிப்பதிவு செய்து காக்க. அதைச் செய்ய வெளியூர் அறிஞர் வரும்வரை காத்திராமல், அந்த மண்ணின் இளைஞரையே பயிற்றி அமர்த்துக.

பகுத்தறிவுப் பாதையில் நடக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். அந்த மலையை நாம் காணாதிருக்கலாம். அந்த மொழியில் ஒரு சொல்லும் அறியாதிருக்கலாம். ஆனால் 'கிளைமொழிதானே' என்று எங்கேனும் எவரேனும் சொல்லக் கேட்டால், அளவுகோலைக் காட்டு என்று கேட்க நமக்கு வாய் இருக்கிறது. நம் மொழிக்கு நீதி கேட்கும் வாய், 42 ஆயிரம் பேரின் மொழிக்கு நீதி கேட்க மறுக்குமானால், அதற்கு மொழிப்பற்று என்று பெயரில்லை. சொத்துப்பற்று என்றே பெயர். அந்தப் பெயரை நாம் ஏற்க மாட்டோம்!